மூடாதீர்கள் என்று எழுதியிருந்தேன்

அந்தச் சிரிப்பு முகம் ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். மஞ்சள் நிறம், இரண்டு புள்ளிக் கண், ஒரு வளைந்த வாய். கம்ப்யூட்டரில் ஒருவருக்குப் பதிலாக அதைத் தட்டிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டேன். நாளைக்கு இந்தப் பட்டாணிக்காக முத்துப்பேட்டை வரை ஸ்கூட்டரில் வியர்க்க வியர்க்கப் போகப்போகிறாய் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்கும் இன்னொரு சிரிப்பு முகம் போட்டிருப்பேன்.

திருவிடைமருதூரில் கடைத்தெருவை ஒட்டி எனக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு தட்டச்சு மிஷின்களை ஓரமாக அடுக்கித் துணி போட்டு மூடிவிட்டு, 'பிரவுசிங் சென்டர்' என்று போர்டை மாற்றினேன். ஊரில் பாதி வீட்டு ஆண்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த காலம். அவர்களுடைய அப்பாக்களும் மனைவிகளும் மெயில் பார்க்க வருவார்கள். யாரும் வராத நேரத்தில் சும்மா இருக்க என்னால் முடியாது. அப்படித்தான் அந்தக் குழுமத்தில் போய் விழுந்தேன்.

தமிழில் நடந்த கேள்வி-பதில் குழுமம் அது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கேள்வி போடுவார்கள். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்ன செய்வது, அப்பா பெயரிலுள்ள பட்டாவை எப்படி மாற்றுவது, நெல்லில் குருத்து காய்கிறது எந்த மருந்து அடிப்பது. தெரிந்தவர் பதில் எழுதலாம். நல்ல பதிலுக்கு மற்றவர்கள் புள்ளி கொடுப்பார்கள். அந்தப் புள்ளியால் ஒரு டம்ளர் டீ கூட வாங்க முடியாது. ஆனாலும் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் எனக்கு எத்தனை புள்ளி என்று பார்த்துவிடுவேன். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு ஆளுக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்குமா என்றால், பிடிக்கும். எனக்குப் பிடித்தது.

அங்கே யாரும் சொந்தப் பெயரில் உலவுவதில்லை. ஆளுக்கொரு சின்னப் படம், அதுதான் அடையாளம். நான் மண்வெட்டிப் படம் போட்டிருந்தேன். நிஜ மண்வெட்டியை நான் தொட்டுப் பல வருஷமாகியிருந்தது என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது. அப்பா விட்டுப்போன நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமல் வரப்பில் நின்று கருத்துச் சொல்கிற விவசாயி நான். ஆனால் திரையில் அந்த மண்வெட்டியைப் பார்த்தவர்கள் என்னை 'அண்ணே' என்றார்கள், 'ஐயா' என்றார்கள். ஒருவர் 'வேளாண் பேரறிஞர்' என்று எழுதிவிட்டார். அதை அச்செடுத்து மனைவியிடம் காட்டினேன். அவள் அதன் மேல் முருங்கைக்கீரையை வைத்து ஆய்ந்தாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்து, தீபாவளிக்கு இரண்டொரு நாள் முன்பு சட்டென்று நின்றது. குவைத்திலிருந்து ஒருவர் கேள்வி போட்டிருந்தார். நிலம் கும்பகோணத்துக்குப் பக்கம். இளம் பயிர் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிறது, வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், என்ன செய்வது என்று. இது என் பேட்டை, என் தண்ணீர். கை பரபரவென்று ஓடியது. வடிகால் பக்கத்து வரப்பை அகலமாக வெட்டிவிடுங்கள், பயிரின் தலை வெளியே தெரிந்த பிறகும் மூடாதீர்கள், தானாக வடியட்டும் என்றெல்லாம் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

'பக்கத்து வயல்காரர் ஓடி வந்து மூடு மூடு என்பார். உங்கள் தண்ணீர் அவர் பக்கம் போய்விடுமே என்ற வயிற்றெரிச்சல் அது. அவர் சொல்லச் சொல்ல இன்னும் ஒரு வெட்டு அகலமாக வெட்டுங்கள்' என்று முடித்தேன்.

புள்ளிகள் கொட்டின. வடிகால் விஷயத்துக்கு இல்லை, அந்தக் கடைசி வரிக்கு. எங்கள் பக்கத்தில் பக்கத்து வயல்காரனைப் பிடிக்கும் என்று சொல்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பாலைவனத்தில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் தங்கள் பக்கத்து வயல்காரரை நினைத்துச் சிரித்து ஓய்ந்தார்கள்.

அந்தப் பதிலின் கீழேதான் கிரேன் படம் போட்ட ஒருவர் எழுதினார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். 'நன்றி அண்ணே, எங்கள் வயலிலும் இதே நிலைமை. இன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு நீங்கள் சொன்னபடி வெட்டச் சொல்கிறேன். நாளை தீபாவளிக்கும் எனக்கு வேலை இருக்கிறது. உள்ளே போன் எடுத்துப் போக முடியாது. வந்து பார்க்கிறேன்.'

உங்கள் வயல் எங்கே தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் பட்டாணியைத் தட்டினேன்.

மறுநாள் தீபாவளி. நாங்கள் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் தெருவுக்கெல்லாம் கேக் அனுப்புவோம், தீபாவளிக்குத் தெரு முழுவதும் எங்கள் வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்பும். கணக்குப் பார்த்தால் லாபம் எங்களுக்குத்தான். அதிரசத்தைக் கடித்துக்கொண்டு, ராத்திரி எத்தனை பேர் புதிதாகப் புகழ்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கடைக்குப் போனேன். கடை வீட்டின் முன்னறைதான். புகழ் கொஞ்சம் குறைவாக இருந்தது. சரி, இந்தக் கிரேன்காரத் தம்பி வேறு எங்காவது என்னைப் பற்றி நல்லதாக எழுதியிருக்கிறாரா என்று அவருடைய பழைய பதிவுகளைத் திறந்தேன். மனிதனுக்குப் பேராசை சில சமயம் உதவி செய்கிறது.

கோடையில் அவர் போட்டிருந்த ஒரு கேள்வி. 'சம்பாதித்ததில் புதிதாக நிலம் வாங்கியிருக்கிறோம். நாங்கள் பாபநாசம் பக்கத்து ஆட்கள். இது வேறு பக்கம், விலை குறைவாகக் கிடைத்தது. வாய்க்கால் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது, அது என்ன?' கூடவே ஒரு புகைப்படம். காய்ந்த வயல், அதன் ஓரத்தில் வடிகால், அதன் மேல் பாதியில் சிக்கித் துருப்பிடித்து நிற்கும் ஒரு மதகுப் பலகை. தூரத்தில் வானத்தை ஒட்டி கறுப்பாக ஒரு கோடு. முதலில் மேகம் என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மேகம் இல்லை, அலையாத்திக் காடு.

பாதி அதிரசத்தைக் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டேன்.

வெள்ளைப் பொடி என்றால் உப்பு. அலையாத்தி என்றால் பக்கத்திலேயே கடல். என் மனைவி கோடியக்கரைப் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்குப் போனபோது, ஒரு அமாவாசையன்று வடிகாலில் தண்ணீர் கடலிலிருந்து ஊருக்குள் தலைகீழாக ஓடி வந்ததைப் பார்த்து, 'உங்க ஊரு வாய்க்காலுக்கு வழி தெரியல' என்று கேலி பண்ணியவன் நான். எங்கள் ஊரில் வடிகால் என்றால் போகும், அவ்வளவுதான். போன தண்ணீர் திரும்பி வந்து கதவைத் தட்டாது. கடல் ஓரத்தில் அலை ஏறும்போது தட்டும். மழை வெள்ளம் முட்டித் தள்ளுகிற வரைக்கும் கடல் வெளியே நிற்கும். மழைதான் நின்றுவிட்டதே. வாடைக்காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் தேதித்தாள் தொங்கியது. அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தீபாவளி என்றாலே அமாவாசை.

அகலமாக வெட்டிய வரப்பு, மூடாதீர்கள் என்ற உத்தரவு, அமாவாசை அலை. யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் இரும்பில் தொங்கி வாங்கிய நிலத்தில், முதல் பயிருக்குள், நான் உப்புத் தண்ணீரை வரவேற்றுப் பந்தல் போட்டிருந்தேன்.

முதல் காரியமாகப் பதிலைத் திருத்தினேன். 'கடலோர நிலம் என்றால் உடனே மூடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். தனிச் செய்தி அனுப்பினேன். அது படிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. படிக்க வேண்டியவர் ஏதோ கப்பலின் வயிற்றுக்குள் இருந்தார். அடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் குழுமத்தில் ஒரு கேள்வி கேட்டேன். 'கிரேன் படக்காரரின் வீடு எங்கே, போன் நம்பர் யாருக்காவது தெரியுமா? மிக அவசரம்.'

இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அந்தக் கேள்வியைக் காணோம். குழுமத்தை மேற்பார்வை பார்க்கும் ஆந்தைப் படக்காரர் நீக்கியிருந்தார். 'உறுப்பினரின் சொந்த விவரங்களைப் பொதுவில் கேட்கக் கூடாது.' நல்ல விதிதான். அந்த விதி வேண்டும் என்று நெடுநாள் வாதாடி வாங்கியவனே நான்தான். ஆந்தைக்குத் தனியாக எழுதினேன், கெஞ்சினேன், கடைசியில் திட்டியும் பார்த்தேன். 'பதற்றம் வேண்டாம், விவரமாக எழுதுங்கள்' என்று பதில் வந்தது. மற்றவர்களுக்கு நான் வழக்கமாக எழுதுகிற வரி அது. அது இவ்வளவு எரிச்சலூட்டும் வரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "என்னங்க, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? யாராவது புள்ளியத் திருப்பிக் கேட்டுட்டாங்களா?"

சொன்னேன். கேட்டு முடிந்ததும் அவள் கேலி நின்றுவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மத்தியானத்துக்கு மேல ஏற ஆரம்பிச்சிரும். பயிருக்கு எத்தனை நாளு?"

"ஒரு மாசப் பயிராத்தான் இருக்கும்."

"போச்சு" என்றாள்.

கேள்வி கேட்கத்தானே தடை, புகைப்படத்தைக் காட்ட யாரும் தடுக்கவில்லையே. மதகுப் படத்தை மட்டும் வெட்டிப் போட்டு, 'இந்த மதகு எந்த ஊர்?' என்று எழுதினேன். பிறகு உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். தட்டச்சு மிஷின் ஒன்றின் துணியை விலக்கி 'ஏஎஸ்டிஎஃப்' அடித்துப் பார்த்தேன். மறுபடியும் துணியைப் போட்டு மூடினேன். வெளியே சரவெடி வெடிக்கும்போதெல்லாம் வரப்பு உடைவது போலவே கேட்டது.

டபரா டம்ளர் படம் போட்ட ஒருவர் துபாயிலிருந்து எழுதினார். 'அட, இது நான் மீன் பிடித்த மதகாச்சே! முத்துப்பேட்டைக்குத் தெற்கே. ரோட்டிலிருந்து இடது பக்கம் மண்ரோடு பிரியும், மூலையில் பச்சைக் கட்டம் போட்ட தண்ணீர் டேங்க் இருக்கும். ஏன் கேட்கிறீர்கள்?' ஏன் என்று எழுத நேரமில்லை. நன்றி கூடச் சொல்லவில்லை. நன்றி சொல்லாமல் போகிறவர்களைப் பற்றி அங்கே நான் நீளமாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

ஸ்கூட்டரை உதைத்தேன். மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"நீங்க போயி அங்கயும் ஏதாவது ஐடியா சொல்லிட்டீங்கன்னா?"

கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி. வழியெங்கும் ரோட்டு நடுவில் வெடி. ஒவ்வொரு ஊர் முனையிலும் சட்டை மொடமொடக்க நிற்கும் பிள்ளைகள் கையைக் காட்டி நிறுத்துவார்கள், புஸ்வாணம் அடங்கும் வரை நிற்க வேண்டும், அடங்கியதும் ஒரு லட்சுமி வெடி. இருபுறமும் பச்சைப் பயிர் தண்ணீரில் நின்றது. தெற்கே போகப் போக வாய்க்கால்கள் அகன்று தண்ணீரின் ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

"போய்க்கிட்டுத்தானே இருக்கேன்."

"இதுக்குப் பேரு வேகமா? பதில் எழுதறப்ப விரல்ல இருக்கிற வேகம் ஆக்ஸிலேட்டர்ல காணோமே."

"அந்தத் தம்பி வீட்டுல யாராவது விவரமானவங்க இருந்து, மூடியிருப்பாங்க."

"அதான் மூடாதீங்கன்னு எழுதியிருக்கீங்களே."

"பக்கத்து வயல்காரர் சொல்லியிருப்பார்ல?"

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. ஸ்கூட்டர் ஒரு ஆட்டம் ஆடியது. பக்கத்து வயல்காரர் கட்டாயம் சொல்லியிருப்பார். அவர் சொல்லச் சொல்ல இன்னும் ஒரு வெட்டு அகலமாக வெட்டியிருப்பார்கள். இத்தனை புள்ளி வாங்கிய வரி.

 என் தோளைப் பிடித்திருந்த மனைவியின் கை இறுகியது. பிரேயர் பண்ணுகிறாள் என்று தெரிந்தது. நானும் பண்ணினேன். கடவுளுக்குக் கூட விவரமாக எழுதுங்கள் என்று சொல்லத் தோன்றியிருக்கும், அப்படி ஒரு உளறல்.

பச்சைக் கட்டம் போட்ட டேங்க் வந்தது. மண்ரோட்டில் திரும்பி, சேற்றில் வழுக்கி, மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பலகை புகைப்படத்தில் இருந்தபடியே பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தாராளமாக ஒரு மாடு நுழைந்து போகலாம், கடல் நுழையாதா? அதை ஒட்டிய வயலின் வரப்பில் வாசல் வைத்தது போல ஒரு வெட்டு. வீட்டு வாசலுக்கே அவ்வளவு அகலம் வைக்க மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற குடும்பம்.

வடிகாலில் சிவப்பாக வெடிக் காகிதக் குப்பை மிதந்தது. அது கடல் பக்கமாகப் போகிறதா, நம் பக்கமாக வருகிறதா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. நின்ற இடத்தில் நின்றது. இறங்கிப் போய்க் குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். லேசாகக் கரித்தது. பயத்தில் என் விரல் வியர்வையே கரித்ததோ என்று சந்தேகம். இன்னொரு கை அள்ளி வைத்தேன்.

"ஏங்க... யாருங்க அது? வாய்க்கால் தண்ணிய ஏன் நக்குறீங்க?"

வரப்பின் மேல் ஒரு பெண். விலைச்சீட்டுக்கூட இன்னும் கிழிக்காத புதுப் புடவை, கையில் மண்வெட்டி, முகத்தில் அழுத தடம். அவளிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் பக்கத்து வரப்பில் ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வெள்ளை மீசை, மடித்துக் கட்டிய வேட்டி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்ற விதத்திலேயே நடந்ததெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது.

"பயப்படாத தங்கச்சி" என்றாள் என் மனைவி. "அவரு நல்லாத்தான் இருக்காரு. தண்ணி கரிக்குதான்னு பார்க்கிறாரு. உங்க வீட்டுக்காரரு சிங்கப்பூருல தானே?"

"ஆமா..." அவள் முகம் மாறியது. "அவருக்கு ஏதாச்சும்..."

"அவருக்கு ஒண்ணும் இல்ல. வரப்பை மூடணும், உடனே."

"மூடக்கூடாதுன்னு சொன்னாங்களே அக்கா! நெட்டுல யாரோ பெரிய ஆளாம். மூடவே கூடாதுன்னு எழுதியிருக்காராம். இவரு காலையிலேருந்து மூடு மூடுங்கிறாரு. மூடச் சொல்றவன் பேச்சக் கேக்காதன்னும் எழுதியிருக்காம். நான் யாரு சொல்றதக் கேக்கறது?"

பெரியவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "வயித்தெரிச்சல்னு சொல்லிச்சுங்க இந்தப் பொண்ணு. என்னைய! நல்ல நாளும் அதுவுமா. எந்தப் பய எழுதினான் அதை?"

சுற்றிப் பார்த்தேன். வயல், வானம், தூரத்தில் அலையாத்தி. ஒளிய ஒரு மரம் கிடையாது. காகிதக் குப்பை மெல்ல அசைந்தது. ஒரு சாண் நம் பக்கமாக வந்தது.

"நான்தாங்க அந்தப் பய" என்றேன்.

இரண்டு பேரும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மண்வெட்டிப் படம் போட்டிருப்பீங்களே, அது நீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா."

 அவள் கையிலிருந்த மண்வெட்டியை என் பக்கம் நீட்டினாள்.

பெரியவர் கேட்டார், "உங்க வயல் எந்தப் பக்கம்?"

"திருவிடைமருதூருங்க."

"அதான பார்த்தேன்" என்று சொல்லி, திரும்பி வரப்போடு நடந்து போய்விட்டார். நான் அவர் முதுகைப் பார்த்தேன். போகட்டும், கோபம் நியாயம்தான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெட்டுக்குள் இறங்கினேன்.

எழுதும்போது 'மூடிவிடுங்கள்' என்பது ஒரே வார்த்தை. நிஜத்தில் அதற்கு முழங்கால் வரை சேறு. ஒரு வெட்டு மண் போட்டேன், கரைந்தது. அடுத்த வெட்டு போட்டேன், அதுவும் கரைந்தது. தண்ணீர் என் காலைச் சுற்றி ஒரு நிமிஷம் யோசித்தது போல நின்று, பிறகு சந்தேகமில்லாமல் வயலுக்குள் நடக்கத் தொடங்கியது. வெடிக் காகிதங்கள் வரிசையாக எங்களைத் தாண்டி உள்ளே போயின. அந்தப் பெண் கையாலேயே சேற்றை அள்ளிப் போட்டாள். என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு புல் கட்டியைப் பெயர்த்துப் பெயர்த்துக் கொடுத்தாள். மூச்சு வாங்கியது. இடது மார்பில் ஒரு குத்து. மாரடைப்பு வந்தால் இங்கேயே கிடத்தி அடைப்புக்கு வைத்துக்கொள்ளட்டும், உருப்படியான வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. வாயைத் திறந்ததில் சேறு உள்ளே போனது. கரித்தது. இந்தத் தடவை சந்தேகமே இல்லை.

"நிக்க மாட்டேங்குதே" என்றாள் அந்தப் பெண். அழவில்லை, அழுவதற்கு மூச்சு இல்லை. "ஊர்லயே இருங்க, வேணாம்னு சொன்னேன். இந்த நிலத்துக்காகத்தான் மறுபடி போனாரு. முதல் நடவுங்க இது."

அப்போது மேலிருந்து தொப்பென்று ஏதோ விழுந்தது. காலி யூரியா சாக்குகள். பெரியவர் ஒரு பனங்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வெறும் மண்ணைப் போட்டா நிக்குமா? சாக்குல ரொப்புங்க. கட்டையக் குறுக்கப் போடணும் முதல்ல." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்காக வரல. இதுல உப்பு ஏறினா என் வரப்புல கசியும்."

"வயித்தெரிச்சல் இருந்தாலும் பரவாயில்லீங்க, வாங்க" என்றேன்.

மீசை ஒரு ஓரமாகத் துடித்தது. சிரிப்பா கோபமா தெரியவில்லை. இறங்கிவிட்டார்.

கட்டை குறுக்கே விழுந்தது. சாக்குகளை ரொப்பி ரொப்பி அதில் சாய்த்தோம். நான் ரொப்பிய சாக்கை அவர் வாங்கிப் பார்த்து, பாதியைக் கொட்டி, மறுபடி ரொப்பச் சொன்னார். நடுவில் ஒரு சாக்கு சரிந்து தண்ணீர் பீறிட்டபோது யோசிக்காமல் அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். "அப்படியே இருங்க, எழுந்திரிக்காதீங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். குழுமத்தில் கூட இத்தனை பேர் ஒருமனதாக எனக்கு ஆதரவு தந்ததில்லை. இடுப்பு வரை தண்ணீரில், சாக்கின் மேல், ஒரு பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றிச் சாக்கு அடுக்கி, புல் கட்டி அடைத்து, கடைசியில் கையைப் பிடித்து என்னைப் பிடுங்கினார்கள்.

பிறகு காத்திருப்பு. பெரியவர் வடிகால் ஓரத்தில் ஒரு குச்சி நட்டார். தண்ணீர் குச்சியில் விரல் விரலாக ஏறியது. நாங்கள் நால்வரும் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்தோம். அடைப்பில் அங்கங்கே வியர்த்தது. வியர்த்த இடத்தில் அந்தப் பெண் சேற்றை அப்பினாள். வீட்டிலிருந்து ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை. வடிகால் நிறைந்து வரப்பின் தலையை நக்கியது. ஊருக்குள் வெடிச் சத்தம் மட்டும்.

வெயில் சாய்ந்து அலையாத்திக் கோடு சிவந்தபோது, குச்சியில் ஈரத்தின் தடம் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. முதலில் பார்த்தவள் என் மனைவி. சொல்லாமல் என்னை இடித்தாள். பெரியவர் எழுந்து வேட்டியை உதறினார். நான் வயலுக்குள் இறங்கிப் போய் நடுவில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். மண், புல், தவளை எல்லாம் தெரிந்தது. உப்பு தெரியவில்லை. வெட்டை ஒட்டிய மூலையில் வைத்துப் பார்த்தேன். அங்கே கரித்தது. அந்த மூலை பிறகு மஞ்சளாகிக் கருகித்தான் போனது. மற்றதெல்லாம் நின்று தையில் கதிர் வைத்தது.

"என்ன சொல்லுது நாக்கு?" என்றார் பெரியவர்.

"மூலை மட்டுங்க."

"மூலைதான?" என்று டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்தார். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். என் மனைவி அவளுடைய புடவையிலிருந்த விலைச்சீட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டே முதுகைத் தடவினாள்.

அந்தப் பெண்ணின் போன் அடித்தது. சிங்கப்பூர். அவள் பேசினாள், பாதி அழுகை, பாதி திட்டு, ஒன்றும் புரிந்திருக்காது. "இந்தாங்க, உங்க ஆளு இங்கதான் உக்காந்திருக்காரு, நீங்களே கேளுங்க" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"அண்ணே! நீங்களாண்ணே? எங்க வயல்லயா?" குரலில் அவ்வளவு சந்தோஷம். "வெட்டிட்டாங்களாண்ணே? நல்லா வடியுதா?"

"வெட்டினாங்க தம்பி. மூடிட்டோம்."

"ஏண்ணே? நீங்கதான மூடாதீங்கன்னு..."

"அது எங்க ஊருக்கு எழுதினது தம்பி. உங்க வயல் எங்க இருக்குன்னு கேக்காம சிரிச்சிட்டேன். மூலையில கொஞ்சம் போயிருச்சு. மத்தது தப்பிச்சிருச்சு."

 திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. பயந்துபோன குரலில், "அப்ப நாளைக்கும் அலை ஏறும்லண்ணே? இனிமே நான் என்னண்ணே பண்ணணும்?" என்றார்.

கேள்வி. எனக்கு வாய் திறந்துவிட்டது. ஒரு சாக்குக்கு ரெண்டு சாக்கு, கல்லு சுண்ணாம்பு, ஜிப்சம், அதுவும் இதுவும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் பார்த்தாள். பெரியவர் முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம் இரு. உன் பக்கத்து வயல்காரர் இருக்காரு, பேசு" என்று போனை அவரிடம் நீட்டினேன்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தொண்டையைச் செருமினார். "என்ன தம்பி, நல்லாருக்கியா? நான்தான் வயித்தெரிச்சல் பேசறேன்" என்று தொடங்கினார். அந்த மதகு யார் காலத்தில் சிக்கியது, எந்தக் காற்றுக்கு அலை எவ்வளவு ஏறும், இந்த நிலத்தை வாங்கும்போதே அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வரப்பில் மேலும் கீழும் நடந்தார். இருட்டத் தொடங்கியது. ஐ.எஸ்.டி. போன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்துவதாகத் தெரியவில்லை.

"உங்கள மாதிரியே இன்னொருத்தர்" என்றாள் என் மனைவி. டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.